இரண்டு அங்குலம் போதும்

"வண்டிய ஆறு அங்குலம் தூக்கிடலாம் அக்கா. பாக்குறவனுக்குக் கழுத்து சுளுக்கிக்கணும்," என்றான் தாத் ரஹீம்.

"எவன் கழுத்தும் எனக்கு வேண்டாம். ரெண்டு அங்குலம் போதும்," என்றாள் ரய்யா.

தாத் ரஹீம் கைக்கரியைத் துடைத்துக்கொண்டே அவளை ஒரு மாதிரி பார்த்தான். பாலைவன ஓரத்து ஊரான பித்யாவில், கடைத்தெருவின் கோடியில், தார் ரோடு முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது அவன் பட்டறை. வண்டியைத் தூக்கிக் கட்டாதவன் ஆம்பளையே இல்லை என்று பேசிப் பேசியே பட்டறையைப் பெரிதாக்கியவன் அவன். அவனிடம் வந்து உயரத்தைக் குறைத்துக் கேட்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறான்.

"ரெண்டு அங்குலம்னா உங்க ஒட்டகம்கூட கண்டுக்காது. உங்க மாமன் மகன் ஹம்தான் வண்டிக்கு ஆறு போட்டேன். ராஜா மாதிரி நிக்குது."

"ரிம்மு?"

"இருபத்திரண்டு. அதுல முகம் பாத்துத் தலை சீவலாம். சுத்தி முப்பத்தஞ்சு அங்குல டயர். சேத்துல ஓட்டுற மாதிரி பெரிய பெரிய பல்லு வெச்சது."

"ரிம்மே அவ்வளவு பெருசுன்னா ரப்பர் எவ்வளவு மிஞ்சும்?"

"அது கொஞ்சம் மெல்லிசுதான். ஆனா பாக்க லட்சணமா இருக்குல்ல?"

"ரொம்ப லட்சணம்," என்றாள் ரய்யா. இதைக் கேட்கத்தான் அவள் வந்திருந்தாள். வயிற்றில் ஒரு வருஷமாக எரிந்துகொண்டிருந்ததில் முதல் தடவையாக யாரோ தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது.

வண்டிக்குள்ளிருந்து அவள் தங்கை கனியா தலையை நீட்டினாள். மடியில் சூரியகாந்தி விதை, வாயில் எப்போதும் பேச்சு. "ஏன் ரஹீம், அவன் அதுல ஏறுறதுக்கு ஏணி குடுத்தியா, இல்ல அவங்க அம்மா இடுப்புல தூக்கி வெக்கிறாங்களா?"

சொன்னால்தான் ரய்யாவின் எரிச்சல் புரியும். மணலில் மாட்டிக்கொண்டவனை யார் இழுத்துவிட்டாலும் இந்தப் பக்கத்தில் கூலி கிடையாது. மாட்டினவன் அன்றைக்கே தன் வீட்டு அடுப்பில் காப்பி போட்டு, நின்றபடி, தன் கையாலேயே இழுத்தவருக்கு ஊற்றிக் கொடுக்க வேண்டும். இழுத்தவர் உட்கார்ந்து குடித்துவிட்டுக் கோப்பையை விரலில் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டுவார். போதும் என்று அர்த்தம். ஆட்டியாகிவிட்டால் அதோடு விஷயம் முடிந்தது. யார் மாட்டினார், எங்கே மாட்டினார் என்று அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கக் கூடாது. ஆட்டாத வரைக்கும் ஊற்றுகிறவன் ஊற்றிக்கொண்டே நிற்க வேண்டியதுதான். ஆனால் அப்படி யாரும் ஆட்டாமல் இருந்ததில்லை. மூன்று கோப்பைக்கு மேல் குடித்தால் பட்டினி கிடந்த வீட்டுப் பிள்ளை என்று பேர் வரும்.

போன குளிர்காலத்தில் ரய்யா கூனி மேடு என்கிற மணல்மேட்டின் அடியில் மாட்டினாள். பிறந்ததிலிருந்து மணலில் கிடப்பவள், பதினாறு வயதில் ஒட்டகத்துக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டு தனியாக வண்டி ஓட்டினவள். புருஷன் மஸீரா தீவில் ராணுவ வேலையில் இருக்கிறான், மாதக் கடைசியில்தான் வருவான். வீட்டையும் ஆட்டையும் வண்டியையும் பார்ப்பது இவள்தான். பாலைவனக் கூடாரம் நடத்துகிற கலஃப், வெளிநாட்டு விருந்தாளிகளை மேட்டில் ஏற்றி இறக்கும் வேலையை இவளிடம்தான் கொடுத்திருந்தார். அந்த வேலை அவளுக்குச் சோறு மட்டும் இல்லை. ரய்யா ஓட்டினால் தூங்கிக்கொண்டே போகலாம் என்று அவர் நாலு பேர் முன்னால் சொல்வாரே, அதைக் கேட்டுக்கொண்டு நிற்பதில் அவளுக்கு ஒரு பெருமை.

அப்படிப்பட்டவள் ஏன் மாட்டினாள்? மேட்டில் ஏற வேகம் எடுத்து வந்த நேரத்தில் வலது பக்கத்திலிருந்து ஹம்தான் வண்டியைக் குறுக்கே விட்டான். வேண்டுமென்றே விட்டான். பிரேக்கை மிதிக்காமல் இருந்திருந்தால் இடித்துச் செத்திருப்பார்கள். மிதித்தாள், சக்கரம் புதைந்தது. பாவி, சிரித்துக்கொண்டே திரும்பி வந்து கயிறு கட்டி இழுத்தான். அன்று சாயங்காலம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வழக்கப்படி காப்பி ஊற்றினாள். அவன் ஒரே கோப்பை குடித்து, அழகாக ஆட்டி, "முடிஞ்சுது அத்தை மகளே" என்றான்.

இரண்டு நாளில் ஊர் பூராவும் வீடியோ. புதைந்த வண்டி, வியர்த்து மண்வெட்டி பிடித்த ரய்யா, பின்னால் ஹம்தானின் குரல்: "மார்க்கெட்டுக்குப் போற வண்டிய மேட்டுக்குக் கொண்டு வந்தா இப்படித்தான்!" குறுக்கே வந்தது அதில் இல்லை. அவள் புதைந்த பிறகுதான் படமே தொடங்கியது. சூர் வரைக்கும் போய், மஸ்கட்டில் இருக்கிற உறவுக்காரர் வரைக்கும் போய், கடைசியில் கலஃபின் கைக்கும் வந்தது. "விருந்தாளிங்களும் போன் பாக்குறாங்க ரய்யா, நான் என்ன பண்ணட்டும்?" என்று அவர் வேலையைத் தூக்கி ஹம்தானிடம் கொடுத்துவிட்டார்.

ஹம்தானிடமே போய்க் கேட்டாள். "கோப்பைய ஆட்டிட்டுப் பேசலாமா நீ?" என்றாள்.

"நான் எங்க பேசினேன்?" என்றான் ஹம்தான். "வாயத்தான் மூடணும்னு வழக்கம். போனை மூடணும்னு யாரு சொன்னா?"

சுற்றியிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவன் குறுக்கே வந்ததை அவள் சொன்னபோது, மாட்டினவர்கள் எல்லாரும் சொல்கிற கதைதானே என்று அதற்கும் சிரித்தார்கள். சாட்சி, அன்று வண்டியில் கூட இருந்த கனியா ஒருத்திதான். தங்கை சாட்சி யாருக்கு வேண்டும்? "விட்டுத்தள்ளு" என்றான் புருஷன் போனில். அவள் விடவில்லை. அவனை மண்ணைக் கவ்வ வைக்க வேண்டும், அவன் வாயாலேயே உண்மையைச் சொல்ல வைக்க வேண்டும். ஆடு கறக்கும்போதும் இதே நினைப்பு, தொழுது முடித்துக் கையேந்தும்போதும் இதே நினைப்பு.

"சரி, டயராவது முப்பத்தஞ்சு போடுங்க," என்று தாத் ரஹீம் கெஞ்சலுக்கு இறங்கினான்.

"முப்பத்திமூணு. ரிம்மு இப்ப இருக்கிற பதினாறே இருக்கட்டும்."

"ஏன்க்கா?"

"முப்பத்தஞ்சு போட்டா முன் மட்கார்டை வெட்டணும். எஞ்சினுக்குச் சுமை ஏறும், பாதி மேட்டுல மூச்சு வாங்கும். வெட்டி, கியரை மாத்தி, அப்புறம் ஒண்ணொண்ணா உன்கிட்ட வந்து நிக்கணும். உனக்கு அதுதானே வேணும்?"

தாத் ரஹீம் மறுக்கவில்லை. சும்மா சொல்லக் கூடாது, வியாபாரி என்றாலும் பொய் சொல்ல வெட்கப்படுகிறவன். உள்ளே போய் இரண்டு டயர்களை உருட்டிக்கொண்டு வந்தான். ஒன்றில் பல் பெரிதாக, இடைவெளி விட்டு இருந்தது. இன்னொன்றில் பல் சின்னது, பக்கச்சுவர் மெத்தென்று இருந்தது. ரய்யா பெரிய பல்லைக் காலால் தள்ளிவிட்டாள்.

"இது மணலைத் தோண்டும். எனக்குக் கிணறா வெட்டணும்? மணல் மேல மிதக்கணும்." மெத்தென்ற டயரின் பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். "ரிம்முக்கும் தரைக்கும் நடுவுல ஒரு சாண் ரப்பர் இருக்கா? காத்தை இறக்கினா அகலமா உக்காரும், ரிம்மை விட்டுக் கழண்டு வராது. இதையே போடு."

"உயரம்?"

"முன்னாடி ரெண்டு அங்குலம் உசந்த ஸ்பிரிங். பின்னாடி ஸ்பிரிங் பட்டைல ஒண்ணு கூடுதலா. அதுக்கேத்த ஷாக். டயர் இடிக்காம சுத்துறதுக்கு அது போதும்."

"அதுக்கு மேல ஒரு அங்குலம்கூட வேண்டாமா?"

ரய்யா அவன் பக்கம் திரும்பி நன்றாகவே சொன்னாள். "ரஹீம், ஒட்டகத்து மேல தண்ணிக் குடம் வெச்சு மேட்டுச் சரிவுல குறுக்க ஓட்டிப் பாத்திருக்கியா? குடம் எவ்வளவு உசரத்துல இருக்கோ அவ்வளவு சீக்கிரம் கவுந்துடும். நேரா ஏறுறவனுக்கு உசரம் அழகு. சரிவுல குறுக்க போறவளுக்கு உசரம் எமன்."

"சரிவுல குறுக்க எதுக்கு அக்கா போறீங்க? யாரும் போறதில்லையே."

"நான் போவேன்," என்றாள்.

வேலை முடிந்ததும் ஸ்டியரிங்கை ஒடிக்கிற மட்டும் ஒடித்து, ஒரு சக்கரத்தைக் கல் மேல் ஏற்றி, டயர் எங்கேயாவது உரசுகிறதா என்று மண்டியிட்டுப் பார்த்தாள். இடது பக்கம் பம்பர் ஓரம் லேசாகத் தொட்டது. தாத் ரஹீம் அந்த இடத்தை மட்டும் இழைத்துவிட்டான். வீட்டுக்குப் போகிற வழியில் வேகமுள் உண்மையைவிடக் குறைத்துக் காட்டியது. பெரிய டயர் போட்டால் அப்படித்தான்.

மறுநாளிலிருந்து அக்காவும் தங்கையும் ஆள் இல்லாத சரிவாகப் பார்த்துக் குறுக்கே ஓட்டினார்கள். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்ததும் கனியா விதையெல்லாம் கொட்டிவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலடி! நான் செத்தா நீதான் பொறுப்பு!" என்று அலறுவாள். ரய்யா ஸ்டியரிங்கைக் கொஞ்சமாகக் கீழ்ப்பக்கம் திருப்பி, ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவில் வைத்து, மேட்டின் வயிற்றில் கோடு போட்ட மாதிரி கடந்துவிடுவாள். எந்தச் சாய்வு வரைக்கும் வண்டி தாங்குகிறது என்று அவளுடைய இடுப்புக்குத் தெரிந்துபோனது. அதைவிட நாலு அங்குலம் உயர்ந்த வண்டி அங்கே என்ன ஆகும் என்பதும் தெரிந்துபோனது.

குளிர்காலம் தொடங்கி, விருந்தாளிகள் வருவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சொந்தக்காரர்கள் கூனி மேட்டடியில் கூடுவது எப்போதும் உள்ளதுதான். ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லாரும் வந்தார்கள். பாய் விரித்தார்கள், கறிச்சோறு தின்றார்கள், ஹல்வாவைச் சுற்றிப் பிள்ளைகள் சண்டை போட்டன. கலஃபும் வந்திருந்தார். இந்த வருஷத்துக்கும் ஹம்தானே ஓட்டட்டும் என்று வாக்கைக் கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறார் என்று பேச்சு. அவர் தலையாட்டிவிட்டால் ரய்யாவுக்கு இன்னொரு வருஷம் போச்சு.

ஹம்தானின் வண்டி எல்லா வண்டிக்கும் மேலே தலை தூக்கிக்கொண்டு நின்றது. அவன் ரய்யாவின் டயரைக் காலால் தட்டிப் பார்த்தான்.

"அடடா, அத்தை மகளும் வண்டிய தூக்கிட்டா! எவ்வளவு? ஒரு பேரீச்சங்கொட்டை அளவா?"

"ரெண்டு அங்குலம்."

"ரெண்டா! ரஹீமுக்கு ஸ்பிரிங் தீந்துபோச்சா, இல்ல உனக்குத் தலை சுத்துமா?"

கூட்டம் சிரித்தது. அவனுடைய அம்மா, ரய்யாவின் மாமி, அடுப்பில் காப்பிக் கூஜாவை வைத்துக்கொண்டே, "வாய மூடுடா" என்று சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள்.

ரய்யா டயரில் காற்றை இறக்கிக்கொண்டிருந்தாள். "காத்து எவ்வளவு வெக்கிற?" என்று கேட்டான் அவன்.

"பன்னெண்டு பவுண்டு." பொய் ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய ரப்பருக்கு அதுதான் அளவு.

"அப்ப நான் பத்து," என்றான் ஹம்தான். தன்னுடைய மெல்லிய ரப்பரைக் குனிந்துகூடப் பார்க்காமல் புஸ்ஸென்று காற்றை விட்டான். கனியா அக்காவின் விலாவில் இடித்தாள். ரய்யா நிமிரவே இல்லை. நிமிர்ந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் அவன் நேராக ஏறினான். பெரிய எஞ்சின், சத்தமும் பெரிது. மேட்டின் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கினான். எல்லாரும் கை தட்டினார்கள், கலஃபும் தட்டினார். அடுத்து ரய்யா. அவள் நேராக ஏறவில்லை. பாதி ஏறி, அங்கிருந்து மேட்டின் முகத்தில் குறுக்கே திரும்பினாள். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே, சக்கரத்தின் தடம் கோடு பிடித்த மாதிரி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் போய், மேட்டின் முதுகில் ஏறி நின்றது. சின்னப் பயல்கள் விசிலடித்தார்கள்.

கலஃப் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். "இப்படி ஒருத்தரும் போனதில்லையேப்பா," என்றார். "விருந்தாளிங்க இதப் பாத்தா வேற எதையும் பாக்க மாட்டாங்க. ஹம்தான், நீ போவியா இதுல?"

அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்காகத்தான் ரய்யா இத்தனை நாள் சரிவில் உயிரைப் பணயம் வைத்தாள். அவன் மாட்டேன் என்று சொல்லலாம், சொல்லிவிட்டால் தப்பித்தான். ஹம்தான் அப்படிச் சொல்லும் ஜாதியா?

"இது என்ன பெரிய விஷயம்? பொம்பள போன வழிதானே," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான்.

மேட்டின் முதுகிலிருந்து ரய்யா பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி ஏறினான், குறுக்கே திரும்பினான், வண்டி சாய்ந்தது. அவளுடைய தடத்திலேயே சரியாக வந்தான். நடுவில் மேட்டின் வயிறு பிதுங்கின இடம் வந்ததும் உயரமான வண்டி இன்னும் சாய்ந்தது. பயந்துபோய் ஸ்டியரிங்கை மேல்பக்கம் ஒடித்தான். கீழ்ப்பக்கத்து முன் டயர் ரிம்மை விட்டுப் படக்கென்று கழன்றது. பளபளப்பான ரிம் மணலுக்குள் இறங்க, மேல்பக்கச் சக்கரம் ஒன்று தரையை விட்டு எழும்பிச் சும்மா சுற்றியது. வண்டி அப்படியே நின்றது. தும்மினால் உருண்டுவிடும் போல இருந்தது.

கீழே அவன் அம்மா அலறினாள்.

ரய்யாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். மறைப்பானேன், தொண்டை வரைக்கும் இனித்தது. மண்ணைக் கவ்வினியா, கவ்வுடா, என்று முணுமுணுத்தாள். அடுத்த மூச்சில் கை பின் சீட்டில் கயிற்றைத் தேடியது. உருண்டால் கீழே வரைக்கும் உருளுவான், உயிர் மிஞ்சாது. பிணமாகப் போனவன் உண்மையைச் சொல்ல மாட்டான். அவளுக்கு அவன் முழுசாக வேண்டும்.

மற்ற வண்டிகள் அடியிலேயே நின்றன. எல்லாம் அவனைப் பார்த்துத் தூக்கிக் கட்டின வண்டிகள். ஒருத்தருக்கும் அந்தச் சரிவில் ஏற மனசு வரவில்லை. ரய்யா மேட்டின் முதுகோடு வந்து, அவனுக்கு நேர் மேலே தன் வண்டியை நிறுத்தினாள். கயிற்றை எடுத்துக்கொண்டு, அவளும் வண்டியில் கூட வந்திருந்த கனியாவும் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினார்கள்.

ஹம்தான் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தான். முகத்தில் ஈயாடவில்லை. "ரய்யா, சீக்கிரம், சீக்கிரம் கட்டும்மா," என்றான்.

"ம்மாவா?" என்றாள் கனியா. "அக்கா, கயித்தைக் கையில வெச்சுக்கோ. இப்பவே கேளு. எல்லாத்தையும் கக்குவான்."

"வேண்டாம்," என்றாள் ரய்யா, கயிற்றைப் பின்பக்கத்துக் கொக்கியில் மாட்டிக்கொண்டே. "தொங்குறவன்கிட்ட வாங்கின வார்த்தை செல்லாது. பயத்துல சொன்னேன்னு நாளைக்கு மாத்துவான். ரெண்டு கால்ல நின்னு சொல்லட்டும்." பிறகு அவனிடம், "நான் பின்பக்கத்தை மேல இழுத்துப் பிடிக்கிறேன். மூக்கு தானா கீழ திரும்பும். திரும்பினதும் நேரா இறங்கு. பிரேக்கைத் தொட்டேன்னா நீ காலி," என்றாள்.

மெத்தென்ற டயர்கள் முதுகின் மணலில் அகலமாக உட்கார்ந்து பிடித்தன. கயிறு இறுகியது. ஹம்தானின் வண்டி முனகியபடி மெதுவாக மூக்கைக் கீழே திருப்பியது. கயிறு தளராமல் தன் வண்டியையும் மெதுவாகப் பின்னாலேயே விட்டு அவனை அடிவாரம் வரைக்கும் இறக்கினாள். அவன் கதவைத் திறந்து இறங்கின இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். ஓடிவந்த அம்மா அவனைத் தடவிப் பார்த்துவிட்டு முதுகில் ஒன்று வைத்தாள்.

வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். ரய்யா பாயின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் கனியா, மடியில் விதைப் பொட்டலம், அதன் மேல் போன். ஹம்தான் இடது கையில் அம்மாவின் கூஜாவும் வலது கையில் கோப்பையுமாக வந்து நின்றான். ஒரு வாய் அளவு ஊற்றி நீட்டினான். ரய்யா மூக்கையும் வாயையும் மறைத்துக் கட்டியிருந்த முகப்பட்டையைத் தூக்கிக் குடித்தாள். ஏலக்காய் மணத்தது. கோப்பையை நீட்டினாள். ஆட்டவில்லை.

அவன் இரண்டாவது ஊற்றினான், மூன்றாவது ஊற்றினான். ரய்யா ஒரு பேரீச்சம்பழத்தை நிதானமாக மென்று, கொட்டையைத் துப்பி, மறுபடியும் கோப்பையை நீட்டினாள்.

எல்லாரும் அவள் கையையே பார்த்தார்கள். "என்னம்மா, மறந்துட்டியா?" என்று யாரோ ஒரு பெரியவர் சிரித்தார். நாலாவது ஊற்றினான். அதற்கு மேலும் ஊற்றினான். சிரிப்பு ஓய்ந்துபோனது. இப்படி ஒரு காரியத்தை அங்கே யாரும் பார்த்ததில்லை. என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவும் இல்லை. அவளை நிறுத்தச் சொல்ல வழக்கத்தில் இடமில்லை. அவன் கூஜாவைக் கீழே வைக்கவும் இடமில்லை.

"ரய்யா, போதும்மா," என்றாள் மாமி. விருந்தாளி கோப்பையை ஆட்டுவதற்குள் கூஜா காலியானால் அந்த வீட்டு அடுப்புக்கே அவமானம்.

"காப்பி நல்லா இருக்கு மாமி," என்றாள் ரய்யா. "உங்க கைமணம் வேற யாருக்கு வரும்?"

நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. நாக்கு கசந்து வறண்டது. செத்தாலும் சரி என்று நீட்டினாள். ஹம்தானின் கழுத்து வியர்த்தது.

"என்ன வேணும் உனக்கு?" என்றான் மெதுவாக.

"காப்பி."

"ரய்யா..."

"போன வருஷம் இதே இடத்துல நான் ஏன் நின்னேன்?"

அவன் கலஃபைப் பார்த்தான். கலஃப் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கூஜாவைச் சாய்த்தபோது நூல் மாதிரி வந்தது. மாமி எழுந்து நின்றுவிட்டாள். "டேய், சொல்ல வேண்டியது இருந்தா சொல்லித் தொலையேன்டா! கூஜா காலியாகுது!"

"நான்தான் குறுக்க வந்தேன்," என்றான்.

"கேக்கல. போன்ல நல்லா சத்தமா பேசினியே, அந்த மாதிரி."

"நான்தான் வேணும்னு குறுக்க வந்தேன்!" என்று கத்தினான். "அவ ஏறியிருப்பா. கலஃப் வேலை எனக்கு வேணும்னு வண்டிய குறுக்க விட்டேன். அவ நின்னப்புறம்தான் வீடியோ எடுத்தேன். போதுமா?"

கலஃப் தொண்டையைச் செருமினார். "ரய்யா, ஞாயித்துக்கிழமை விருந்தாளிங்க வர்றாங்க. உன் வண்டிதான் போகுது," என்றார். பிறகு ஹம்தான் பக்கம் திரும்பவே இல்லை.

ரய்யா கோப்பையை இன்னொரு தரம் நீட்டினாள். ஹம்தான் கூஜாவை முழுக்கச் சாய்த்தான். இரண்டு சொட்டு விழுந்தது, அதோடு கொஞ்சம் மண்டி. மாமி முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். ரய்யா அந்த மண்டியையும் குடித்துவிட்டு, கோப்பையை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்து, இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

ஹம்தான் மூச்சு விட்டுக் கோப்பையை வாங்கிக்கொண்டான். "முடிஞ்சுது," என்றான். "இனிமே நீ வாயத் திறக்கக் கூடாது."

ரய்யா தலையசைத்தாள். வழக்கம் வழக்கம்தான்; இனி அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. விதைப் பொட்டலத்துக்கு மேலிருந்த போனைக் கனியா கையில் எடுத்தாள். அவன் கூஜாவோடு வந்து நின்றதிலிருந்து அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. கட்டைவிரலைத் திரைக்கு மேலே வைத்துக்கொண்டு, அனுப்பவா வேண்டாமா என்று அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

ரய்யா வாயைத் திறக்கவில்லை.

வட்டத்தில் முதலில் ஒரு போன் டிங்கென்றது. பிறகு பக்கத்தில் ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஒன்று, கலஃபின் மடியில் ஒன்று. கடைசியாக ஹம்தானின் சட்டைப் பையில் சத்தம் கேட்டது. எடுத்துப் பார்க்கலாம் என்றால் ஒரு கையில் காலிக் கூஜா, இன்னொரு கையில் அவள் குடித்த கோப்பை.